அடிபட்ட நாய்க்குப் பணம் வருகிறது. அடுத்த மாத அரிசிக்கு யார் தருவது?

இரவு 11 மணி. ஓ.எம்.ஆர் சர்வீஸ் ரோட்டில் ஒரு நாய் அடிபட்டுக் கிடக்கிறது. பின்னங்கால் இரண்டும் அசையவில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் யாரோ ஒருவர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார். அரை மணி நேரத்தில் அது நாலு குரூப் தாண்டி, விலங்கு மீட்பில் இருக்கும் ஒரு பெண்ணின் இன்ஸ்டாகிராம் ஸ்டோரிக்கு வந்துவிடுகிறது. "ஆட்டோல ஏத்தியாச்சு. எக்ஸ்ரே, அட்மிஷன், ஆபரேஷன் எல்லாம் சேர்த்து 18 ஆயிரம் ஆகும்னு டாக்டர் சொல்றார். முடிஞ்சவங்க உதவுங்க ப்ளீஸ்." கீழே ஒரு க்யூ.ஆர் கோடு.

பணம் வருகிறது. "500 அனுப்பிட்டேன் அக்கா." "சின்ன அமவுன்ட்தான், தப்பா எடுத்துக்காதீங்க." விடிவதற்குள் 18 ஆயிரமும் சேர்ந்துவிடுகிறது. நாய்க்கு ஒரு பெயரும் கிடைத்துவிடுகிறது.

தமிழ்நாட்டின் ஏதோ ஓர் ஊரில் வாரம் தவறாமல் நடக்கும் காட்சி இது. பார்த்தால் நெகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று மாதம் கழித்து அந்த நாய் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். முதுகெலும்பில் அடிபட்ட நாய் தெருவுக்குத் திரும்ப முடியாது. தானாகச் சிறுநீர் கழிக்க முடியாததால் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை யாராவது வயிற்றை அழுத்தி வெளியேற்ற வேண்டும். தரையில் இழுத்து இழுத்துப் புண்ணாகும் கால்களுக்கு மருந்து போட வேண்டும். நல்ல கவனிப்பு இருந்தால் அந்த நாய் இன்னும் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அத்தனை ஆண்டும் அதற்குச் சோறு வேண்டும். அதே பெண் அதே நாய்க்காக மூன்றாம் மாதம் ஸ்டோரி போட்டால் சில ஹார்ட் வரும், பணம் வராது.

சிறிய விலங்கு மீட்பு அமைப்புகளின் பணப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. மக்களிடம் இரக்கம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த இரக்கம் அவசரத்துக்கு மட்டும் வருகிறது. செலவோ தினமும் வருகிறது. இந்த இடைவெளியை அடைக்காத வரை, இன்னும் எத்தனை லட்சம் திரட்டினாலும் காப்பகங்கள் கடனில்தான் ஓடும். கொடுப்பவர்களும் மாற வேண்டும், கேட்பவர்களும் மாற வேண்டும்.

ஒரு போட்டோவுக்கு மட்டும் ஏன் பணம் வருகிறது?

இதற்கு உளவியலில் ஒரு பதில் உண்டு. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2007ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு தரப்பினரிடம் மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் பசியைச் சொல்லி உதவி கேட்டார்கள். இன்னொரு தரப்பினரிடம் ஆப்பிரிக்காவில் பல லட்சம் பேர் பசியில் வாடும் புள்ளிவிவரத்தைச் சொல்லிக் கேட்டார்கள். சிறுமிக்குக் கிடைத்தது, புள்ளிவிவரத்துக்குக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இதைவிட ஆச்சரியம், சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துச் சொன்னபோது கொடுப்பது குறைந்துபோனது.

நாய்க்கும் பூனைக்கும் இதே கதைதான். ஒரு முகம், ஒரு காயம், ஒரு பெயர் இருந்தால் கை தானாக ஜிபேவைத் திறக்கிறது. "எங்க ஷெல்டரில் 40 நாய் இருக்கு, இந்த மாசம் அரிசி தீர்ந்துபோச்சு" என்றால் விரல் அடுத்த ரீலுக்குப் போய்விடுகிறது.

மீட்பாளர்கள் இதை யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொள்கிறார்கள். அதன் விளைவுகள் நல்லவையாக இல்லை.

முதலாவது, பழைய பில்லைக் கட்டப் புதிய கேஸ் தேவைப்படுகிறது. கிளினிக்கில் ஏற்கெனவே கடன் நிற்கும். புதிதாக ஒரு நாயை எடுத்தால்தான் போஸ்ட் போட முடியும், பணம் வரும், பழைய பாக்கியில் கொஞ்சம் அடையும். ஆனால் புதிய நாயும் காப்பகத்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு சீட்டை எடுத்து இன்னொரு சீட்டைக் கட்டுகிற குடும்பம் எங்கே போய் நிற்கும் என்பது நமக்குத் தெரியும். நகையை அடகு வைத்து, கிரெடிட் கார்டில் இழுத்து, கடைசியில் உடம்பும் மனசும் உடைந்து ஒதுங்குகிற மீட்பாளர்கள் இந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

இரண்டாவது, காயம் பெரிதாக இருந்தால்தான் கவனம். புழு வைத்த புண், தொங்கும் கால் என்று படங்கள் கொடூரமாகிக்கொண்டே போகின்றன. இதன் கடைசிப் படி போலி மீட்பு. விலங்கை வேண்டுமென்றே ஆபத்தில் வைத்து, "காப்பாற்றுவதை" வீடியோ எடுத்துப் பணம் பார்க்கும் ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். விலங்கு நல அமைப்புகள் சேர்ந்து நடத்தும் சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்று, சமூக ஊடகங்களில் பரவும் இத்தகைய வீடியோக்களைப் பற்றி 2024ல் தனி அறிக்கையே வெளியிட்டது.

மூன்றாவது, சந்தேகம். ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த முறை நேர்மையான ஆளையும் நம்ப மாட்டார். "இதெல்லாம் பிசினஸ்ங்க" என்ற ஒரு கமென்ட், பத்து வருடமாகச் சொந்தச் சம்பளத்தில் நாய்களுக்குச் சோறு போட்டவரையும் சேர்த்து அடிக்கிறது.

ஒரு காப்பகத்தின் மாதக் கணக்கு

எண்களை வைத்துப் பார்த்தால் பிரச்சினை இன்னும் தெளிவாகும். ஊர் எல்லையில் வாடகை இடத்தில் 40 நாய்களோடு ஒரு சிறிய காப்பகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது ஒரு மாதிரிக் கணக்குதான். ஊருக்கு ஊர் மாறும்.

ஒரு நாய்க்கு அரிசி, கோழி, கேஸ் எல்லாம் சேர்த்து நாளைக்கு 40 ரூபாய் என்றால் மாதம் 48,000. இட வாடகை 15,000. இரண்டு உதவியாளர்களுக்குத் தலா 12,000 என்றால் 24,000. தடுப்பூசி, உண்ணி மருந்து, பூச்சி மருந்து, அவ்வப்போது டாக்டர் செலவு எல்லாம் 25,000. கரண்ட், தண்ணீர் லாரி, ஆட்டோ 8,000. மொத்தம் 1,20,000 ரூபாய்.

இதில் போட்டோ எடுத்துப் போடக்கூடிய செலவு எது? மருத்துவச் செலவில் ஒரு பகுதி மட்டும். வாடகைக்கு முகம் கிடையாது. காலை ஐந்து மணிக்கு எழுந்து கூண்டு கழுவும் அண்ணனின் சம்பளத்துக்காக யாரும் ஸ்டோரி பகிர்வதில்லை. "என் காசு நாய்க்கு மட்டும்தான் போகணும், சம்பளத்துக்குப் போகக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லும் நன்கொடையாளர்களும் உண்டு. அந்த அண்ணன் நாளை வராவிட்டால் 40 நாய்க்கும் தண்ணீர் வைக்க ஆள் இல்லை என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 600 பேர் மாதம் 200 ரூபாய் கொடுத்தால் இந்த 1,20,000 வந்துவிடும். ஒரு வார இறுதியில் இரண்டு காபிக்கு ஆகும் காசு. அந்தக் காப்பகத்தின் இன்ஸ்டா பக்கத்தைப் பின்தொடர்பவர்களில் 600 பேரைத் தேடுவது பெரிய விஷயமே இல்லை. பெரிய விஷயம், அவர்கள் ஒவ்வொரு மாதமும் கொடுப்பது.

மாதாமாதம் வரும் பணத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால், "இப்போ இடம் இல்லை, எடுக்க முடியாது" என்று சொல்லும் தைரியம் மீட்பாளருக்கு வரும். பணத்துக்காகக் கேஸ் எடுக்கும் கட்டாயம் போய்விடும். அரிசியை மூட்டையாக வாங்கலாம். டாக்டரிடம் மொத்த விலை பேசலாம். தடுப்பூசி தவறாமல் போடலாம். பார்வோ வந்து குட்டிகள் கொத்தாகச் செத்த பிறகு அழுது போஸ்ட் போடுவதைவிட, முன்கூட்டியே ஊசி போடுவது மலிவு.

யாரும் பகிராத போட்டோ: கருத்தடை

காப்பகத்துக்கு வெளியே, தெருவில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் நன்கொடை மிகக் குறைவாக வருகிறது.

ஒரு பெண் நாய் ஒரு வயதுக்குள்ளேயே குட்டி போடத் தயாராகிவிடும். கர்ப்ப காலம் சுமார் 63 நாள். ஆண்டுக்கு இரண்டு ஈற்று வரை போடலாம். ஒரு ஈற்றில் நான்கைந்து குட்டிகள். அதில் பாதிக்கு மேல் கார் சக்கரத்திலும் நோயிலும் போய்விடும். மிச்சம் இருப்பவை அடுத்த ஆண்டு குட்டி போடும். அந்தத் தாய் நாய்க்குக் கருத்தடை செய்ய ஆகும் செலவு, அதன் ஒரே ஒரு குட்டியைப் பார்வோவுக்காக மருத்துவமனையில் சேர்த்துப் பல நாள் டிரிப்ஸ் ஏற்ற ஆகும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

இது சென்னைக்குப் புதிய பாடமும் இல்லை. கேப்டன் வி. சுந்தரம் 1959ல் தொடங்கிய புளூ கிராஸ், தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்ய வேண்டும் என்று 1960களிலேயே வலியுறுத்தத் தொடங்கியது. சென்னை மாநகராட்சி அதை ஏற்க 1996 வரை ஆனது. நாடு முழுவதற்குமான விதிகள் 2001ல் வந்தன. 2023ல் அவை திருத்தி எழுதப்பட்டன. இந்திய விலங்குகள் நல வாரியம் 1962ல் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் சென்னைக்காரர்தான்: ருக்மணி தேவி அருண்டேல். ஆக, இந்த விஷயத்தில் மற்ற ஊர்களுக்கு வழிகாட்டிய ஊர் இது. ஆனாலும் 2024ல் எடுத்த கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருப்பதாகத் தெரியவந்தது.

பணம் போதவில்லை என்பது ஒரு காரணம். அந்தப் பணம் எந்த இடத்துக்குப் போகிறது என்பது இன்னொரு காரணம். காது நுனியில் சிறிய வெட்டு, வயிற்றில் ஒரு தையல், மயக்கம் தெளியாமல் தள்ளாடும் நாய்: கருத்தடையின் போட்டோ அவ்வளவுதான். யார் கண்ணிலும் தண்ணீர் வராது. ஆனால் பிறக்காமல் போன குட்டிகள், கடிபடாமல் பள்ளிக்குப் போய் வந்த குழந்தை இரண்டும் அந்தப் படத்தின் பலன்கள். உலகின் வெறிநோய் மரணங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்தியாவில் நடக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் அந்த நோயின் சங்கிலி அறும் என்றும் சொல்கிறது. கருத்தடைக்குப் பிடிக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிடுவது வழக்கம்.

2023 விதிகளின்படி, கருத்தடைத் திட்டம் நடத்த விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். எல்லாச் சிறிய அமைப்பும் அதைப் பெற முடியாது. ஆனால் தன் ஏரியாவில் எந்தெந்த நாய்க்குச் செய்தாயிற்று, எதற்குப் பாக்கி என்று பட்டியல் வைப்பது, நாய் பிடிக்க வரும் மாநகராட்சி வண்டிக்கு உதவுவது, ஆபரேஷன் முடிந்த நாயைச் சில நாள் பார்த்துக்கொள்வது எல்லாம் சிறிய குழுவால் முடியும். அதற்கும் பணம் வேண்டும்.

பணம் யார் அக்கவுன்ட்டில் விழுகிறது?

பெரும்பாலான மீட்பாளர்கள் தனிநபர்கள். நன்கொடை அவர்களுடைய சொந்த ஜிபே நம்பருக்குத்தான் வருகிறது. இதில் ஒரு வரிச் சிக்கல் இருப்பது பலருக்குத் தெரியாது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் வரும் பணம் மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்லாமல் முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கருதப்படும். முழுவதையும் நாய்க்கே செலவு செய்திருந்தாலும் கேள்வி வரலாம்.

அதனால் கொஞ்சம் வளர்ந்ததும் பதிவு செய்துகொள்வது நல்லது. அறக்கட்டளையாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975ன் கீழ்ச் சங்கமாகலாம். கம்பெனிகள் சட்டத்தின் 8வது பிரிவிலும் லாப நோக்கமற்ற நிறுவனமாகலாம். அதன் பிறகு வருமான வரித் துறையிடம், 12ஏ, 80ஜி என்று இத்தனை காலம் அறியப்பட்ட இரண்டு பதிவுகளையும் வாங்க வேண்டும். ஆடிட்டர் ஃபீஸ் கையைக் கடிக்கும். ஆனால் அமைப்பின் பெயரில் தனி வங்கிக் கணக்கு இருப்பதே பாதி நம்பிக்கை.

வரிச் சலுகையைக் காட்டி நன்கொடை கேட்பதில் ஒரு விஷயம் மாறியிருக்கிறது. இத்தகைய அமைப்புகளுக்குக் கொடுக்கும் தொகையில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம் என்ற 80ஜி சலுகை, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறையே இயல்பான தேர்வு. புதிய முறையில் இருக்கும் ஐ.டி ஊழியருக்கு 80ஜி ரசீதால் வரியில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பழைய முறையிலேயே இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. "வரி மிச்சமாகும் சார்" என்று கேட்டுப் பழகிய அமைப்புகள் இனி வேறு காரணம் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஒருவகையில் அதுவும் நல்லதுதான்.

கம்பெனிப் பணம் இன்னொரு வழி. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருவாயோ சொத்து மதிப்போ உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். அந்தப் பட்டியலில் விலங்கு நலமும் இருக்கிறது. இதைப் பெற, அமைப்பு சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். பல கம்பெனிகள் பள்ளிக்கூடம், சுகாதாரம் என்றே போவதால் இங்கே வருவது குறைவு. அலுவலகத்துக்கு உள்ளே இருக்கும் ஒருவர் ஹெச்.ஆரிடம் பேசினால் கதவு திறக்கும் வாய்ப்பு அதிகம்.

சிங்கப்பூரிலும் துபாயிலும் லண்டனிலும் இருந்து அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், ஓ.சி.ஐ அட்டை வைத்திருந்தாலும், அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ அனுமதி தேவை. பெரும்பாலான சிறிய அமைப்புகளிடம் அது இருக்காது. பாசத்தில் அனுப்பிய 100 டாலர், வாங்கியவருக்கு வம்பாகிவிடக் கூடாது.

"இது அரசாங்கத்தோட வேலைதானே?"

ஆம். தெருநாய்க் கருத்தடை உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு என்று விதிகளே சொல்கின்றன. அதைச் சரியாகச் செய்யச் சொல்லிக் கேட்பதும் நன்கொடை கொடுப்பதற்குச் சமமான வேலை. தமிழ்நாடு அரசு 2022-23 பட்ஜெட்டில், ஆதரவற்ற, காயம்பட்ட விலங்குகளைப் பராமரிக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு உதவ 20 கோடி ரூபாயில் 'வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள்' திட்டத்தை அறிவித்தது. இதுபோன்ற அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் பதிவும் கணக்கும்தான் முதலில் தேவைப்படும்.

ஆனால் அரசு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் வரை காத்திருக்க முடியாத நிலைமை வந்துவிட்டது. 2025 ஆகஸ்ட் 11ல், டெல்லி வட்டாரத் தெருநாய்கள் எல்லாவற்றையும் பிடித்து அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், அதே மாதம் 22ல் அதைத் திருத்தியது. வெறிநோய் உள்ளவை, ஆக்ரோஷமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பிறகு பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. வழக்கில் சேர வந்த தனிநபர்கள் 25,000 ரூபாயும் அமைப்புகள் 2 லட்சம் ரூபாயும் கட்ட வேண்டும் என்றும் சொன்னது. நவம்பர் 7ல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்க நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. அவற்றை மீண்டும் அங்கே விடக் கூடாது.

உத்தரவு சரியா தவறா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். இத்தனை நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் எங்கே? ஏற்கெனவே இருக்கும் சிறிய இடங்களின் மீதுதான் அழுத்தம் விழும். மாத வருமானம் இல்லாத காப்பகத்தில் அளவுக்கு மீறி நாய்களை அடைத்தால் அது காப்பகமாக இருக்காது. ஒன்றை ஒன்று கடித்து, டிஸ்டெம்பர் பரவிச் சாகும் இடமாகிவிடும்.

"மனுஷனுக்கே சோறு இல்லாதப்ப நாய்க்கா?" என்ற கேள்வியும் எப்போதும் வரும். கேட்பதில் தவறில்லை. ஆனால் தெருவில் நாய் பெருகினால் கடிபடுவது பெரும்பாலும் நடந்து போகிறவர்கள், பிளாட்பாரத்தில் தூங்குகிறவர்கள், தெருவில் விளையாடும் குழந்தைகள். காரில் போகிறவர்கள் இல்லை. கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் போகும் பணம் அவர்களுக்கும் போகும் பணம்தான்.

கேட்பவர்கள் என்ன செய்யலாம்?

மாதக் கணக்கை வெளியிடுங்கள். பெரிய ரிப்போர்ட் வேண்டாம். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு பாக்கி என்று ஒரே ஒரு படம், மாதம் 5ஆம் தேதிக்குள். பத்து மாதம் விடாமல் போட்டால் அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

ஒவ்வொரு கேஸையும் முடித்துக் காட்டுங்கள். பணம் கேட்ட அதே இடத்தில் பில், மிச்சம், நாயின் இப்போதைய நிலை மூன்றையும் போடுங்கள். நாய் செத்துப்போனால் அதையும் சொல்லுங்கள். கேட்டதைவிட அதிகமாக வந்தால் "போதும், இனி அனுப்ப வேண்டாம்" என்று சொல்லி, மிச்சத்தை எதற்குப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். "போதும்" என்று சொன்னவரை மக்கள் மறக்க மாட்டார்கள்.

அரிசிக்கும் வாடகைக்கும் வெட்கப்படாமல் கேளுங்கள். "மாதம் 200 ரூபாய், ஐந்து நாள் ஒரு நாயின் சாப்பாடு" என்று சொன்னால் அதுவும் முகமுள்ள செலவாகிவிடும். எத்தனை நாய் வரை எடுப்போம் என்று ஓர் எண்ணிக்கையை முடிவு செய்து அதை எல்லாருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள். அதைத் தாண்டச் சொல்லி அழுத்தம் கொடுப்பவரிடம் அந்த எண்ணைக் காட்டலாம்.

கொடுப்பவர்கள் என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் ஊரில் ஒரே ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பாருங்கள். வாடை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். தண்ணீர்ப் பாத்திரம் நிறைந்திருக்கிறதா, நோயுள்ளவை தனியாக இருக்கின்றனவா, யாராவது வந்தால் நாய்கள் வாலாட்டுகின்றனவா, பயந்து ஒதுங்குகின்றனவா என்று பாருங்கள். போக முடியாவிட்டால் எந்த கிளினிக்கில் சிகிச்சை நடக்கிறது என்று கேட்டு, பில்லை நேரடியாக அங்கேயே கட்டலாம். நேர்மையான மீட்பாளர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

திருப்தியாக இருந்தால் மாதம் ஒரு சிறிய தொகையை யு.பி.ஐ ஆட்டோபேயில் போட்டுவிடுங்கள். அமைப்பின் கணக்கில் அந்த வசதி இருந்தால் ஒருமுறை ஒப்புதல் கொடுத்தால் போதும். பணம் எடுப்பதற்கு முன் தகவல் வரும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஓ.டி.டி சந்தாவுக்குச் செய்கிற அதே வேலைதான். எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். கூண்டு கழுவுபவரின் சம்பளமும் நாய்க்கான செலவுதான்.

பணம் இல்லையென்றால் திறமை இருக்கிறது. எக்செல் தெரிந்தவர் கணக்கைப் பார்த்துக் கொடுக்கலாம். டிசைனர் தத்தெடுப்பு போஸ்டர் செய்யலாம். ஆடிட்டராக இருந்தால் ஆண்டுக் கணக்கை ஃபீஸ் இல்லாமல் முடித்துக் கொடுக்கலாம். வீட்டில் இடம் இருந்தால் ஒரு பூனைக் குட்டியை இரண்டு வாரம் ஃபாஸ்டர் செய்யலாம். தீபாவளி, பொங்கல் லீவுக்கு மீட்பாளர் ஊருக்குப் போக, இரண்டு நாள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. அடிபட்ட நாயின் போட்டோவை அனுப்பி, "யாராவது எடுங்க" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த "யாராவது" ஏற்கெனவே 40 நாய்களோடு இருக்கிறார். "நான் ஆட்டோ பிடித்துக் கிளினிக்கில் சேர்க்கிறேன், சிகிச்சைக்குப் பிறகு தங்க இடம் மட்டும் வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள். பதில் வரும்.

ஓ.எம்.ஆரில் அடிபட்ட அந்த நாய்க்கு 18 ஆயிரம் கொடுத்தவர்கள் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் பத்தே பேர் மாதம் 200 ரூபாயைத் தொடர்ந்து கொடுத்தால் மாதம் 2,000. அதன் சாப்பாட்டுக்கு 1,200 போக மிச்சம் மருந்துக்கு. அது உயிரோடு இருக்கும் வரை அதற்காக இன்னொரு போஸ்ட் போட வேண்டியிருக்காது.